பிள்ளைக்கு மருந்து கொடுத்த பிறகு என்ன பார்க்கவேண்டும்?

முதல் பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வரும் நாளில், கிளினிக்கிலிருந்து மூன்று புட்டியும் ஒரு சிரிஞ்சுமாக வீட்டுக்கு வருவீர்கள். எப்படிக் கொடுப்பது என்று தாதி சொல்லியிருப்பார். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். கொடுத்த பிறகு பிள்ளையிடம் எதைக் கவனிக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

நான் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கௌண்டருக்கு வரும் இளம் பெற்றோர் போனில் எடுத்த படத்தை நீட்டி அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: “இது மருந்தாலா, நோயாலா?” பதில் சொல்ல எனக்கு நான்கு விஷயம் தெரியவேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதன் பிறகு எப்போது என்ன ஆனது. இந்த நான்கையும் டாக்டரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வீட்டில் பிள்ளையோடு இருந்தவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அதனால் பக்கவிளைவைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரிய பங்கு உங்களுடையது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் குடும்பத்தோடு பினாங்குக்கு வந்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

பிள்ளைகளுக்கு ஏன் தனிக் கவனம் என்றால், சின்ன உடம்பில் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுதாகப் பழகவில்லை. பல மருந்துகள் பெரியவர்களிடமே அதிகம் சோதிக்கப்பட்டவை. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலை சுற்றினால் “தலை சுற்றுகிறது” என்று சொல்லத் தெரியாது. அழும், அல்லது அம்மா காலைக் கட்டிக்கொண்டு நகராமல் நிற்கும்.

முதல் வேலை: ஒரு நோட்டு

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். பேனாவை நூலில் கட்டி, நோட்டோடு சேர்த்துக் குளிர்பெட்டிக் கதவில் தொங்கவிடுங்கள். பேனா தேடவேண்டியிருந்தால் யாரும் எழுதமாட்டார்கள். ஒவ்வொரு முறை மருந்து கொடுத்ததும் ஒரு வரி. இப்படி (120/5 என்றால் 5 மில்லியில் 120 மில்லிகிராம்):

“செவ்வாய், காலை 8.10. பராசிட்டமால் 120/5, 6 மி.லி. கொடுக்கும்முன் 38.6. கொடுத்தது பாட்டி.”
“9.30, 37.8. கஞ்சி குடித்தான்.”
“மதியம் 1.15, அமோக்ஸிசிலின் 2ஆவது வேளை. 3 மணிக்கு மலம் தண்ணியாக, ஒரு தடவை.”

அந்தக் “கொடுத்தது பாட்டி” முக்கியம். நான் பார்த்த அளவில், வீட்டில் பராசிட்டமால் கூடிப்போவது பெரும்பாலும் அன்பினால்தான். அம்மா வேலைக்குக் கிளம்பும்முன் ஆறு மணிக்குக் கொடுத்திருப்பார். பாட்டிக்கு அது தெரியாது. ஏழு மணிக்குப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரும் கொடுப்பார். நோட்டு இருந்தால் இது நடக்காது. எழுத வராத பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பட்டும்: “ஆறு மில்லி கொடுத்துட்டேன்மா.” நேரத்தைப் போனே போட்டுவிடும். பிள்ளை தாஸ்காவில் (பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில்) இருந்தால், அங்கே கொடுத்த வேளைகளையும் மாலையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: புட்டியில் மருந்தின் பெயர் இருக்கவேண்டும்

மலேசியாவில் தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தால் மருந்தையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டைப்போல் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு நடக்கவேண்டியதில்லை. அது வசதிதான். ஆனால் சில இடங்களில் புட்டியின்மேல் “உபாட் பாதுக்”, “உபாட் டெமாம்” என்று மட்டும் எழுதியிருக்கும். இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து. எந்த மருந்து என்று அதில் இல்லை.

நான் மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகனுக்கு நான்கு வயது. இரண்டு நாள் வாந்தி. ஒரு கிளினிக்கில் வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள், அக்கா நேரம் தவறாமல் கொடுத்தாள். மறுநாள் மாலை விளக்கு வைக்கும் நேரம், பிள்ளையின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே சொருகியது, நாக்கு வெளியே தள்ளியது. ஆனால் நினைவு இருந்தது. “அம்மா, வலிக்குது” என்று வாய் கோணச் சொன்னான். வீட்டில் வலிப்பு என்றார்கள். ஒரு பெரியவர் எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார். மருந்தியல் படிக்கிற எனக்கும் ஒன்றும் ஓடவில்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து கொடுத்தீர்கள்?” அக்கா பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். அதில் “உபாட் முந்தா” என்று இருந்தது. வாந்தி மருந்து, அவ்வளவுதான். கிளினிக் மூடியிருந்தது. அந்த டாக்டர் அனுபவத்தில் யூகித்து ஊசி போட்டார். சற்று நேரத்தில் கழுத்து தளர்ந்தது, பிள்ளை தூங்கிப்போனான். மெட்டோகுளோப்ரமைட் என்ற வாந்தி மருந்து பிள்ளைகளிடமும் இளவயதினரிடமும் இப்படித் தசையை முறுக்கிவிடக்கூடும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். அதுதான் கொடுக்கப்பட்டிருந்தது என்று மறுநாள் காலை கிளினிக் திறந்த பிறகே உறுதியானது.

அதனால் கௌண்டரை விட்டு நகரும்முன் கேளுங்கள்: “இதன் பெயர் என்ன? புட்டிமேல் எழுதித் தருகிறீர்களா?” கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பெயர், வலிமை, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, நாளைக்கு எத்தனை தடவை, இவை நான்கும் வேண்டும். கையோடு புட்டியைப் படம் எடுத்து, வீட்டில் எல்லாரும் இருக்கும் குழுவில் போட்டுவிடுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக லேபிளில் வரும் மலாய்ச் சொற்கள் சில: “காலி செஹாரி” என்றால் நாளைக்கு இத்தனை தடவை, “செபெலும் மாக்கான்” சாப்பாட்டுக்கு முன், “செலெபாஸ் மாக்கான்” சாப்பாட்டுக்குப் பின், “கொஞ்சாங்” என்றால் குலுக்கு, “ஹாபிஸ்கான்” என்றால் முழுவதும் கொடுத்து முடி. கடைசிச் சொல் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கில் இருக்கும்.

எடையும் வலிமையும்

பிள்ளைகளுக்கு அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. பராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு.

நம் ஊர்க் கடைகளில் பராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் கிடைக்கும், 250 என்றும் கிடைக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து ஒரே மில்லியில் 100. பத்துக் கிலோ பிள்ளைக்கு 120 சிரப்பில் 6 மில்லி கொடுத்தால் சரியான அளவு. அது தீர்ந்து 250 புட்டி வாங்கிவந்து, பழக்கத்தில் அதே 6 மில்லி கொடுத்தால் 300 மில்லிகிராம் போகும். இரண்டு மடங்கு. புட்டியின் நிறமும் ஆரஞ்சு வாசமும் ஒன்றாகவே இருக்கும். புதுப்புட்டி திறக்கும்போதெல்லாம் அந்த எண்ணைப் படியுங்கள். சளி மருந்திலும் சிலவற்றில் பராசிட்டமால் சேர்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.

தேக்கரண்டி வேண்டாம், அது வீட்டுக்கு வீடு வேறு. சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். எடை தெரியாவிட்டால் நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியவை

பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் பிறவிக் குறைபாடு, உண்டா என்பது முதலாவது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்து, உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சோதிக்கவில்லை என்றால் கிளினிக்கில் கேளுங்கள். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சில மருந்துகள் பட்டால் சிவப்பணுக்கள் உடையும். முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர்போல் கறுக்கும். மருந்து மட்டுமில்லை, பீரோவில் போடும் நாப்தலின் உருண்டைக்கும் இது நடக்கும். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்த பழைய பட்டுத்துணியில் குழந்தையைச் சுற்றும்முன் அதை நினைவில் வையுங்கள். மருதாணியும் அப்படியே. பெயர்சூட்டு விழாவுக்குப் பச்சைக்குழந்தையின் பாதத்தில் மருதாணி வைக்க ஆசைப்படுவார்கள். ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். உரசிக் கொடுத்த வசம்பு, சளிக்குத் தடவிய தைலம், சீன மருந்துக்கடைத் தூள், எல்லாம். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, பிள்ளைக்குத்தானே. கற்பூரத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். பூஜைத்தட்டில் இருக்கும் ஒரு கட்டியைச் சின்னப் பிள்ளை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். கற்பூரத் தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் வேண்டாம்.

ஊரிலிருந்து உறவினர் பெட்டியில் கொண்டுவரும் சிரப்பையும், இணையத்தில் வாங்கும் “பசி எடுக்கும், உடம்பு தேறும்” மருந்தையும் தவிருங்கள். இங்கே பதிவான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு எண்களும் இறுதியில் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்கும். அது இல்லாதவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாரம்பரிய மருந்து என்று விற்கப்பட்டவற்றில் ஸ்டீராய்டு ஒளித்துக் கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 2022இல் காம்பியாவிலும் நமக்கு அடுத்திருக்கும் இந்தோனேசியாவிலும் நச்சு கலந்த சிரப்பால் எத்தனையோ பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிறுநீர் குறைந்ததுதான் அதன் முக்கிய அடையாளம். ஈர டயப்பர்களை எண்ணி நோட்டில் எழுதச் சொல்வது அதனால்தான்.

என்ன பார்ப்பது, எப்போது பார்ப்பது

மருந்து கொடுத்த முதல் ஒரு மணி நேரம் பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் இந்த நேரத்துக்குள் தலைகாட்டும். புது மருந்தின் முதல் வேளையைத் தூங்கவைக்கும் நேரத்தில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த சில நாட்களில் வருவது பெரும்பாலும் வயிறும் தோலும். ஆன்டிபயாட்டிக்கில் மலம் இளகுவது சாதாரணம். பிள்ளை தண்ணீர் குடித்து விளையாடிக்கொண்டிருந்தால் மருந்தைத் தொடரலாம். இரத்தம் கலந்தால் நிறுத்திவிட்டு உடனே போங்கள். சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவைக்கும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக இரவெல்லாம் ஆட்டம் போடவைக்கும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி சிரப் எதையும் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வீசிங்குக்குக் கொடுக்கும் சால்பியூட்டமாலில் கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இரும்புச்சத்து சிரப்பில் மலம் கறுக்கும், அது பயப்படவேண்டியதில்லை.

வாரக்கணக்கில் கொடுக்கும் மருந்துகளுக்கு வேறு கண் வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூக்கொழுகலுக்கும் தரும் மோன்டிலுகாஸ்ட்டில் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரும். 2020இல் அமெரிக்க மருந்துத் துறை இதற்குக் கடும் எச்சரிக்கையே சேர்த்தது. “பிள்ளை கொஞ்ச நாளாக வீம்பு பிடிக்கிறான்” என்று பெற்றோர் சொல்லும்போது, எந்த நாளிலிருந்து என்று நான் கேட்பேன். நோட்டில் பார்த்தால் சில சமயம் மருந்து தொடங்கிய வாரத்தில் போய் நிற்கும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிடோயின் போன்றவற்றில் முதல் இரண்டு மாதம் தோலைத் தினமும் பாருங்கள். கார்பமாசெபினால் தோல் உரியும் கொடிய எதிர்விளைவு வர வழிசெய்யும் மரபணு ஒன்று ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

தோலைப் பற்றி இன்னும் கொஞ்சம். புத்தகங்களில் “சிவந்த தடிப்பு” என்று போட்டிருக்கும். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாக, சாம்பல் பூத்ததுபோல, சில நேரம் வெறும் சொரசொரப்பாக மட்டும் இருக்கும். அதனால் கையால் தடவிப் பாருங்கள். வயிறு, முதுகு, உள்ளங்கை, காதுக்குப் பின்னால், டயப்பருக்குள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அல்ல, சன்னல் பக்கம் நின்று படம் எடுங்கள். முதல் படத்துக்குப் பிறகு நான்கு மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள், பரவுகிறதா என்று தெரியும். மஞ்சள் காமாலையைத் தோலில் தேடாதீர்கள், கண்வெள்ளையில் பாருங்கள். உதடு நீலமாகிறதா என்பதை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் பாருங்கள். கண்ணாடித் தம்ளரால் அழுத்தியும் மறையாத புள்ளிகள் இருந்தால் அது அவசரம், மருந்து காரணமோ இல்லையோ.

காய்ச்சல் என்றால் நம் ஊரில் டெங்கியும் மனதில் இருக்கவேண்டும். அது இல்லை என்று தெரியும்வரை இப்யூபுரூஃபென் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் எப்போதும் கூடாது.

எப்போது 999

மூச்சு வாங்குதல், இரைச்சல், உதடோ நாக்கோ வீங்குதல், தடிப்போடு சேர்ந்து திடீர் வாந்தி அல்லது துவண்டுபோதல், எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். வாயிலும் கண்ணிலும் புண், தோலில் கொப்புளம், கூடவே காய்ச்சல் என்றால் அந்த மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். புட்டிகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு.

பிள்ளை மருந்தை அதிகமாகக் குடித்துவிட்டது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் கேட்கலாம். யாரும் எடுக்காவிட்டால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். பராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் பிள்ளை ஓடி விளையாடும், கல்லீரல் கெடுவது பிறகுதான் தெரியும். “நன்றாகத்தானே இருக்கிறான்” என்று காத்திருக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாத லேசான தொல்லை என்றால், மருந்தை நிறுத்தும்முன் ஒரு போன் செய்யுங்கள். முக்கியமாக வலிப்பு மருந்தையும், பல நாளாகக் கொடுத்துவரும் ஸ்டீராய்டையும் வீட்டிலே தீர்மானித்துச் சட்டென்று நிறுத்தக்கூடாது. அப்புறம், “மறுபடி கொடுத்துப் பார்ப்போம், வருதா என்று” என்ற சோதனை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுங்கள்

பக்கவிளைவு வந்து பிள்ளை தேறிவிட்டால் பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ இப்படிப்பட்ட தகவல்களைத்தான் திரட்டுகிறது. அவற்றை ஆராய 1987லேயே மாட்ராக் என்ற ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1990இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் உறுப்பினரானது. இங்கே பதிவாகும் பக்கவிளைவுகள் ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கும் உலகத் தரவுத்தளத்துக்கும் போகின்றன. பிறை அடுக்குமாடியில் ஒரு அம்மா எழுதிய தேதியும் நேரமும் அங்கே போய்ச் சேரும்.

டாக்டரோ மருந்தாளரோதான் எழுதவேண்டும் என்றில்லை. பொதுமக்களுக்கென்றே கான்செர்ஃப் என்ற படிவம் என்பிஆர்ஏ இணையதளத்தில் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவேண்டியதில்லை, சந்தேகம் போதும். பிள்ளையின் வயது, எடை, மருந்தின் பெயர், பெட்டியில் உள்ள தொகுப்பு எண், தொடங்கிய தேதி, என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறது என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது. மொழி தடையாக இருந்தால் பக்கத்து மருந்தகத்தில் கேளுங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருவோம். தடுப்பூசிக்குப் பின் ஏதாவது நடந்தாலும், ஊசி போட்ட கிளினிக்கில் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

டாக்டர் ஒவ்வாமை என்று உறுதிசெய்தால் அரசு மருத்துவமனையில் மருந்து ஒவ்வாமை அட்டை கேட்டு வாங்குங்கள். உறுதியாகாமல் “இவனுக்குப் பெனிசிலின் ஆகாது” என்று நாமாக முத்திரை குத்துவதும் நல்லதல்ல. வைரஸ் காய்ச்சலில் தானாக வரும் தடிப்பைப் பலர் ஆன்டிபயாட்டிக்கின்மேல் போட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைக்குக் காலமெல்லாம் நல்ல மருந்து ஒன்று கிடைக்காமல் போகிறது. நிபுணரிடம் காட்டிச் சோதித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

அட்டை கிடைக்காத வகைப் பக்கவிளைவு என்றால், பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், தேதி, நடந்தது என்று ஒரே வரி எழுதி, ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அந்த வரி ஆசிரியரிடமும் இருக்கட்டும். அக்கா அன்றைக்கு ஒரு சீட்டில் “மெட்டோகுளோப்ரமைட் கொடுக்கவேண்டாம், கழுத்து திருகியது” என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டி வைத்தாள். மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. அந்தச் சீட்டு அவன் பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.